காரைச் சுற்றி வந்தவர்

அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். "உங்கப்பாவும் நானும் ஏர்ஃபோர்ஸ்ல ஒண்ணா பறந்தவங்களாக்கும்," என்றார். அவர் பெயரை அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. துக்கம் கேட்க வந்தவர், உள்ளே வராமல் அப்பாவின் பழைய காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஏற்கெனவே ஒருவர் வந்து போயிருந்தார். இவரும் அந்த வகைதான் என்று முடிவு கட்டினேன்.

சாயாவோடு திரும்பி வந்தால், ஆள் குனிந்து டயரை அமுக்கிக்கொண்டிருக்கிறார்!

"இது விக்கறதுக்கில்லை அங்கிள்," என்றேன் வெடுக்கென்று.

அவர் காதில் வாங்கவில்லை. கதவு, கண்ணாடி, பின்விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டபடி ஒரு சுற்று வந்தார். கடைசியில் பானெட்டை இரண்டு தட்டு தட்டினார்.

பள்ளிக்கு நேரமாகிறதென்று நாங்கள் எவ்வளவு கத்தினாலும், அப்பா இப்படிச் சுற்றி வந்து, தட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

"பறக்கறதுக்கு முன்னால ப்ளேனை இப்படித்தான் பார்ப்போம். கை மறக்கல்லை மோளே," என்று சிரித்தார். "பின் டயர்ல காத்தே இல்லை. அவன் கண்டா ஏறவே மாட்டான்."

யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று அந்தக் காரை அத்தனை காவல் காத்த நான், ஒரு நாள்கூட அதைச் சுற்றி வந்து பார்த்ததில்லை.