குந்தி உட்கார்ந்த உடலின் அளவு

1. டச்சுக்காரன் சட்டை

உடல் அளவுகளுக்கேற்பக் கருவிகளை வடிவமைப்பது என் தொழில். பழவேற்காடு ஏரியில் படகில் போய்க் கைகளால் எறா, அதாவது இறால், பிடிக்கும் பெண்களுக்கென லைஃப் ஜாக்கெட் சரக்கு வந்து இறங்கியிருந்தது. வாடைக்காற்று தொடங்குமுன் கொடுத்தாக வேண்டும். அவை உயிர் காக்குமா என்று நான் சொல்ல வேண்டும்.

சோதித்துப் பார்க்க, அப்பெண்களில் ஒருத்தியான மங்கா மீடியம் அளவை மாட்டிக்கொண்டாள்; அவள் தோள்களில் சட்டை தொங்கியது.

"இன்னா மேடம் இது? அதோ கல்லறையில தூங்குறானே டச்சுக்காரன், அவனுக்குத் தச்சதா?"

"அவன் எழுந்து வந்து கேட்டா குடுத்துடு அண்ணி" என்றாள் அவள் நாத்தனார் அஞ்சலை.

இருவரும் ஏறிய படகில் இருக்கைப் பலகை கிடையாது. பெண்கள் குந்தித்தான் உட்கார்வார்கள். மங்கா குந்தியதும் தொடைகள் சட்டையை மேலே தள்ள, கழுத்துப்பட்டை தாடையில் இடித்தது. அவள் இடுப்புப் பக்கிளைக் கழற்றிவிட்டாள். "பக்கிளைப் போடும்மா" என்று கரையிலிருந்து நான் கூவி முடிப்பதற்குள், சோதனைக்கெனப் பேசிவைத்தபடி படகுக்காரர் படகைச் சாய்த்துவிட்டார்.

2. பல்லில் பறி

எறா தேட இரு கைகளும் வேண்டுமென்பதால், தண்ணீரில் இறங்கும்போது இப்பெண்கள் பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். விழுந்தபோதும் மங்காவின் பற்கள் பழக்கத்தால் பறியைக் கவ்வின. வாய் அடைபட்டது. மேலேறிய சட்டை மூக்கை மூடியது. ஆரஞ்சுப் பட்டைக்கு மேல் அவள் கூந்தல் மட்டுமே தெரிந்தது.

"அண்ணீ! பறிய வுடு! வுடு!"

அஞ்சலை குதித்துச் சட்டையைக் கீழே இழுத்தாள். கரையில் நெடுநேரம் இருமிய பிறகு மங்கா சொன்னாள்: "காலிப் பறிக்கு உசுர வுடப் பாத்தேன்."

"எறா இருந்திருந்தா இன்னும் கெட்டியாக் கடிச்சிருப்ப" என்ற அஞ்சலை, சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

3. எல்லா ஊருக்கும் ஒரே மாடல்

"ஸ்ட்ராப்ப இழுத்துக் கட்டச் சொல்லுங்க மேடம். பறி கடிக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சிடலாம். எல்லா ஊர்லயும் இதே மாடல்தான்" என்றார் சரக்கை வரவழைத்த அதிகாரி.

"எல்லா ஊர்லயும் இதே உடம்பு இல்ல சார். இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

சரக்கு கொட்டகையிலேயே கிடந்தது. படகுகள் சட்டையில்லாமலே போயின. காற்று பலத்த நாள்களில் கடைசிப் படகு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் மறுத்ததே ஓர் உயிரைக் கேட்டுவிடுமோ என்ற பயம்.

அந்தச் சட்டை, நெடிய அயல்நாட்டு உடல்களை நிற்கவைத்து எடுத்த அளவில் தைத்தது. நானும் என் குழுவினரும் இப்பெண்களை நிற்கவைத்தும் குந்தவைத்தும் அளந்தோம். கடலோரக் குப்பத்தில் வலை இழுக்கும் ஆண்களின் தோள் வேறாக இருந்தது. ஏரிப் பெண்களின் குறுகிய மார்பும் குட்டையான முதுகும் வேறு. ஒரே வட்டாரத்தில் இரண்டு அளவுகள். முன்பக்கத்தைக் குறைத்தோம், கழுத்துப்பட்டையைப் பிடரியோடு நிறுத்தினோம், சட்டை மேலேறாதிருக்க, அவர்கள் கால்களுக்கிடையே வாங்கிச் செருகும் சேலைக்கு மேலேயே தொடைவார் வைத்தோம்.

4. மறுபடியும் அதே துறை

என் தொழிலுக்கு வரும் இளையவர்களே, லேபிளில் உள்ள 'மீடியம்' யாருடைய நடுத்தரம் என்று கேளுங்கள். அவர் எப்படி உட்கார்வார், கை ஓயாதபோது எதைப் பல்லில் பிடிப்பார் என்றும் கேளுங்கள். அளவுநாடா அதற்குப் பிறகு வரட்டும்.

புதுச் சட்டையின் சோதனைக்கு வேறொருத்தியை அழைக்கலாம் என்றேன். மங்கா ஒப்பவில்லை.

"நான்தான் வுழுவேன். பறியக் கடிச்சிக்கினே வுழுவேன். அப்டிதான பாக்கணும்?"

குந்தினாள், பக்கிளைத் தொடவில்லை. படகு சாய்ந்தது. நீர் மூடிக்கொண்டது. அஞ்சலை குதிக்கக் காலெடுத்து நின்றாள்.

முகம் மேலே வந்தது. பறி வாயிலேயே இருந்தது, மூக்கு திறந்திருந்தது. அவள் மூச்சுவிட்ட பிறகுதான் நான் விட்டேன்.