பொன்வண்டு கிடைக்கும் வரை

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், தினமும் காலையில் நடக்கச் சொன்னார். இவர் சரி சார் என்று தலையாட்டிவிட்டு, நெய்வேலிக்கு வந்ததும் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மைன்ஸில் நடக்க வேண்டியதை எல்லாம் நடந்தாகிவிட்டதாம். காரியமில்லாமல் நடக்கிறவனைக் கண்டால் மெமோ கொடுக்கத் தோன்றுமாம்.

எனக்கோ பயம். அவர் அசந்து தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பயம். அதனால் நானே ஒரு காரியத்தை உண்டாக்கினேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்க்காத ஒரே பெண் நான்தான், சாவதற்குள் ஒன்றை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்றேன்.

"பாத்துட்டா நடை நின்னுடும்ல?" என்று கேட்டார்.

"நின்னுடும்" என்று ஒப்புக்கொண்டேன்.

இப்படித்தான் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் வேலங்காட்டுக்குப் போக ஆரம்பித்தோம். கத்திரி முடிந்து ஒன்றிரண்டு மழை பெய்திருந்தது. வெயிலுக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. நான் தும்பை, நெருஞ்சி, ஆவாரை என்று பூப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அவருக்குப் பூவெல்லாம் கணக்கில் கிடையாது. கொடுத்த வேலை பொன்வண்டு என்பதால் ஒவ்வொரு வேலமரத்தையும் சுற்றி வந்து இன்ஸ்பெக்‌ஷன் முடித்துவிட்டுத்தான் நகர்வார். அதிலேயே டாக்டர் சொன்னதற்கு மேல் நடந்துவிடுவார்.

ஒருநாள் சாணி உருட்டும் வண்டு ஒன்று குறுக்கே வந்தது. தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறியது, சரிந்தது, மறுபடியும் ஏறியது.

"இது பர்மனென்ட்டா இருக்குமாங்க?" என்றேன்.

"இவ்ளோ வேலை பாக்குதே. கான்ட்ராக்ட்தான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் அடித்த முதல் ஜோக் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காட்டுக்கு நடுவில் சட்டென்று நின்றார். தலையைத் திருப்பவில்லை, கையை அசைக்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த நான் அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"நெஞ்சு வலிக்குதாங்க?"

"இல்ல. சும்மா நிக்கிறேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் பச்சையாக மின்னிக்கொண்டு ஒரு பொன்வண்டு, காலரை நோக்கிச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "இதோ பாருங்க" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் நாளையிலிருந்து மறுபடியும் வராந்தா நாற்காலி.

இரண்டு விரலால் மெல்ல எடுத்து, பக்கத்து வேலங்கிளையில் விட்டேன்.

"என்னது?"

"எறும்புங்க. தட்டிவிட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"பச்சை எறும்பா?"

நான் குனிந்து செருப்பில் ஏறிய நெருஞ்சி முள்ளைப் பிடுங்கினேன்.

"நாளைக்கு முந்திரித் தோப்புப் பக்கம் போய்த் தேடுவோம்" என்றார்.