கையோடு வந்த கட்டை

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் கணவர் ஓட்டிய வண்டியிலிருந்து நான் விழுந்து, தலையில் அடிபட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்குப் பதினோரு வருஷ வேலை. பெரிய பலகையில் வரைந்திருக்கும் வழியில் ஒயர்களை வரிசை மாறாமல் பூட்ட வேண்டும். ஞாபகம் சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் பலகை, இல்லையென்றால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பெட்டி ஒட்டவா நான் பிறந்தேன்? எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

டாக்டர் என்னை ஞாபகசக்தி டெஸ்ட் எடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார். அவள் நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வாள், நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து எண் வரை சமாளித்தேன். அடுத்து, கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொன்னாள். நாலு எண் வந்ததுமே எல்லாம் குழம்பிவிட்டது. இரண்டு தடவையும் தப்பு. போச்சு, பெட்டிதான் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

பிறகு ஒரு பலகையை எடுத்து வைத்தாள். ஒன்பது சின்ன மரக்கட்டைகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. அவள் சிலவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, அதே வரிசையில் நானும் தொட வேண்டும். பலகையைப் பார்த்ததுமே மனசு குளிர்ந்துவிட்டது. மூன்று, நாலு, ஐந்து என்று கட்டைகள் கூடிக்கொண்டே போயின. எங்கள் வேலையில் ஒயரைப் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாக வேண்டும், மறந்தால் திட்டு விழும். பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு கட்டையையும் தொட்டு, லேசாக இழுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். ஏழு கட்டை வரிசையையும் தப்பில்லாமல் முடிக்கும்போது, கடைசிக் கட்டை கையோடு வந்துவிட்டது.

"ஒட்னது சரியில்லமா, எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்டு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். கேட்டதை மனசில் பிடித்து வைப்பது வேறு, பார்த்ததைப் பிடித்து வைப்பது வேறு என்றாள். எனக்குக் கேட்டது எல்லாரையும் போலத்தான், பார்த்தது பிரமாதமாம். பலகை வேலைக்குப் போகலாம் என்று எழுதியும் கொடுத்தாள்.

வெளியே கணவர் நின்றிருந்தார். காகிதத்தை நீட்டினேன். படித்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு வண்டி ஓட்னது நான்தானேமே" என்றார்.

ஆறு வாரமும் அவர் வண்டியைத் தொடாததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"திங்கக்கெழம பஸ்ஸுல போவ மாட்டேன். நீதான் வண்டில இட்டுனு போய் உடணும்" என்றேன்.