மூன்றாவது சென்சார்

விருதுநகர் – சிவகாசி ரோட்டில் இருக்கும் சாலமன்ராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு ஜனங்கள் வருவது அவருடைய காதுக்காக. போனட்டைத் திறந்து, நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். "மூணாவது இன்ஜெக்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது இன்ஜெக்டர்தான். இருபத்தெட்டு வருஷம் உழைத்து வாங்கிய பேர் அது, லேசில் வந்ததில்லை.

அந்தக் காது போய் மூன்று வருஷமாகிறது. மனைவி பியூலாவைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

எதிர்ப்புறம் இருந்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்த அன்று, எல்லோரும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள், இந்த மனுஷன் மட்டும் அந்தப் பக்கம் ஓடினார். இருளம்மாள் என்ற தொழிலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது அடுத்த ரூமும் வெடித்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் கம்பெனி வேனில் போகும்போது ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாள். இவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. காதுக்குள் மட்டும் ஒரு வாரம் 'ஙொய்' என்று இரைந்து அடங்கியது. அடங்கும்போது சன்னமான, கூரான சத்தங்களை எல்லாம் கூடவே கொண்டுபோய்விட்டது. பேச்சு கேட்கும், லாரி கேட்கும். சிமெண்டுத் தரையில் ஸ்பேனர் விழுந்தால் கேட்காது. சர்ச்சில் பெண்கள் பாட்டின் உச்சத்துக்குப் போகும்போது அவர்கள் வாய் அசைவதுதான் தெரியும். யாராவது மெதுவாகப் பேசினால் தலையை ஆட்டிவைப்பார்.

பியூலா நர்ஸ். அவளிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்?

"காது டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிரலாம்ங்க. மெஷினு ஒண்ணு மாட்டிக்கிட்டாப் போச்சு."

"மெஷின மாட்டிக்கிட்டு நிக்கிறவன்கிட்ட எவன் வண்டியக் கொண்டாருவான்? பேசாமக் கெட."

வைராக்கியத்தைப் பாருங்கள்! ஸ்கேனர் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். அதை வண்டியில் சொருகினால் கோளாறு எதுவென்று எண்ணாகக் காட்டிவிடும். அதைப் பார்த்த பிறகு, ஊருக்காகத் திருப்புளியைக் காதில் வைத்து அதையே சொல்வார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சிவகாசி அச்சாபீஸ்காரர் மகள் ஹர்ஷினி தன் காரைக் கொண்டுவந்தாள். கோயம்புத்தூரில் கொடுத்துப் பெரிய டர்போ போட்டு, கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, கம்பெனி கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு வேகத்துக்கு ஏற்றிய வண்டி. ரேஸ் டிராக்கில் நேரம் குறித்து ஓட்டும் போட்டி ஒன்றுக்குப் பேர் கொடுத்திருந்தாள். ஒரு வருஷமாக அதே நினைப்பு. எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேனர் 'நாக் சென்சார்' என்றது. பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்தால் எஞ்சினுக்குள் மெல்லியதாக ஒரு சத்தம் எழும். அதைக் கேட்டுச் சொல்வதுதான் அந்தச் சென்சாரின் வேலை. அதுவும் ஒரு காதுதான்.

திருப்புளியை வைத்துப் பார்த்தார் சாலமன்ராஜ். 'திம் திம்' என்று எஞ்சின் அடித்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"சென்சாரு போயிருச்சு பாப்பா. மாத்திருவோம்."

புதுச் சென்சாரை டார்க் ரெஞ்ச் வைத்து அளவு பார்த்து முடுக்கினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. லைட் அணைந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. வயரை அடி முதல் நுனி வரை சோதித்தார், கனெக்டரைத் துடைத்தார், இரண்டாவது சென்சாரையும் மாட்டினார். இரண்டு வாரம் தாங்கியது.

மூன்றாம் தடவை ஹர்ஷினி தயங்கிக்கொண்டே சொன்னாள். "அண்ணே, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சா வளையலக் குலுக்குன மாதிரி ஒரு சத்தம் வருது. எனக்குத்தான் அப்பிடித் தோணுதா தெரியல. நீங்க ஒருக்கா வந்து கேளுங்களேன்."

ஆனைக்குட்டம் ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து மிதித்தாள். வண்டி பாய்ந்தது.

"இந்தா... இப்பக் கேட்டீகளா?"

ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம் சாலமன்ராஜ், அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில். வண்டிக்குள் அவர்கள் இரண்டு பேர்தான். அவருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டார்.

"அது ஒண்ணுமில்ல பாப்பா. சைலன்சர் பெருசா போட்டிருக்கீகள்ல, தகரத்துல உரசுது. இந்த மாதிரி மாத்துன வண்டில சென்சாரு அப்படித்தான் பொய் சொல்லும்."

"நீங்க காதால கேட்டுச் சொன்னாச் சரிதாண்ணே" என்று சிரித்தாள் அவள். பெரிய பாரம் இறங்கின சிரிப்பு. அன்று சாயங்காலமே மூன்றாவது சென்சாரை மாட்டிக் கொடுத்தார். இரவு சாப்பாடு இறங்கவில்லை. பியூலா கேட்டதற்குத் தலைவலி என்றார்.

போட்டியில் முதல் சுற்றைக்கூட ஹர்ஷினி முடிக்கவில்லை. பாதியில் புகை கிளம்பி எஞ்சின் நின்றுவிட்டது. அவளுக்கு அடி எதுவும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காரை மட்டும் ரிக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

சாலமன்ராஜ் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன்களை வெளியே எடுத்தார். இரண்டாவது பிஸ்டனில் ஓட்டை. மற்ற பிஸ்டன்களின் விளிம்பெல்லாம் எலி கரம்பினது போலப் பொடிந்திருந்தது. இது ஒரு நாளில் ஆகிற காரியமல்ல. மாசக்கணக்கில் உள்ளே வெடித்து வெடித்து அரித்திருக்கிறது. பழைய சென்சாரும் அடுத்து மாட்டிய இரண்டும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. உண்மை சொன்னதை எல்லாம் இவர் கழற்றிக் கழற்றிப் போட்டிருக்கிறார்.

"மூணுமே டூப்ளிகேட்டா இருக்கும்ண்ணே. வித்த கடைக்காரன விடக் கூடாது" என்றாள் ஹர்ஷினி. "நீங்க என்ன செய்வீக பாவம், எம்புட்டு பாத்துப் பாத்துச் செஞ்சீக."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கையில் இருந்த பிஸ்டனை பெஞ்சில் வைத்தார். அது பெஞ்சில் பட்ட சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை.

"சென்சாருல தப்பு இல்ல பாப்பா. கடைக்காரன் மேலயும் இல்ல. எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமாச்சு. அன்னைக்கு நீங்க சொன்ன வளையல் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி சொல்லிட்டேன்."

ஹர்ஷினி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. குரல் உள்ளே போயிருந்தது. வழக்கம் போலத் தலையை ஆட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"கேக்கல தாயி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

மூன்று வருஷத்தில் அவர் இன்னொருவரிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் பக்கத்தில் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரக்கச் சொன்னாள்.

"எனக்குக் கேட்டுச்சேண்ணே! அன்னைக்கே சொல்லியிருந்தா என் காத வச்சே பாத்திருப்போமே."

அது சாலமன்ராஜுக்கு நன்றாகக் கேட்டது.