பொங்கல் சீராக ஒரு ஹெட்ஃபோன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் என் தங்கை வீட்டில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

தங்கை பானுவுக்கு ஆபீஸ் நேரம் போக மற்றதெல்லாம் பாட்டுதான். குழந்தைகளுக்கான பாட்டு. அவளே எழுதி, அவளே பாடி, வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்துப் பதிவு செய்கிறாள். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்ன அறை, சுவரோரம் நிறுத்திய மெத்தை, ஒரு மைக், ஒரு லேப்டாப்... அவ்வளவுதான்!

குழந்தைப் பாட்டு வெளியிடும் ஒரு கம்பெனிக்கு இரண்டு முறை அனுப்பியிருக்கிறாள். இரண்டு முறையும் வேண்டாம் என்று பதில். இரண்டாவது பதில் இப்படி: 'குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் தகர டப்பாவுக்குள் பாடியது போல் கேட்கிறது. புதன்கிழமைக்குள் சரிசெய்து அனுப்பினால் கடைசியாக ஒரு முறை கேட்கிறோம்.'

தகரமா? அவள் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டேன். குரல் கும்மென்று இருந்தது.

"சும்மா சொல்றாங்கம்மா" என்றேன்.

பானுவின் கணவர் அதே பாட்டைத் தன் போனில் போட்டுக் காட்டினார். தகரமேதான்.

"ஹெட்ஃபோனை மாத்துன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் மச்சான். 'எங்கண்ணன் பொங்கல் சீரா கொடுத்தது, அதைப் போய் குறை சொல்லுவாங்களா'ங்கிறா!"

ஆமாம்... கொடுத்தவன் நான்தான். புடவைக்குப் பதில் புதுமை செய்கிறேன் பேர்வழி என்று, கடையிலேயே அதிக பேஸ், அதாவது கும்மென்ற அடிச்சத்தம், உள்ளதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் அது தன் பங்குக்குக் கொஞ்சம் 'கும்'மைச் சேர்த்துவிடும். பானு அதை நம்பி, 'அதிகமாக இருக்கிறதே' என்று தன் பதிவில் குறைத்துக்கொண்டே போயிருக்கிறாள். மற்றவர்களுக்கு மிஞ்சியது தகரம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கிளம்பும்மா கடைக்கு."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை. விற்பனையாளர் ஒரு குத்துப்பாட்டை அலறவிட்டார். "பேஸைக் கேளுங்க சார், நெஞ்சு அதிருதுல்ல?"

அதிர்ந்தது. போன தடவையும் இப்படி அதிர்ந்துதான் நான் விழுந்தேன்.

"இது வேண்டாங்க. என் பாட்டைப் போடுங்க" என்றாள் பானு.

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ப்ளூடூத் எல்லாம் ஒதுக்கினாள். பாடும்போது சத்தம் அதில் துளி பிந்தி வந்தால்கூட தாளம் போய்விடுமாம். வயர் வைத்ததை மாட்டிக்கொண்டு, "வெளியில சத்தம் கசியுதாண்ணே?" என்று என்னைப் பக்கத்தில் நின்று கேட்கச் சொன்னாள். கசிந்தால் அதையும் மைக் பிடித்துக்கொள்ளுமே!

ஐந்தாவதை மாட்டியதும் அவள் முகம் வாடிவிட்டது.

"பிடிக்கலையாம்மா?"

"இதுதாண்ணே வேணும். என் பாட்டு எவ்வளவு மோசமா இருக்குன்னு இதுலதான் தெரியுது."

விலை? நான் கொடுத்த சீரைவிடக் குறைவு!

நாம் கொடுக்கும் பரிசுகளில் பாதி இப்படித்தான், இல்லையா? நமக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் முகம் மலர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பாவம், அவர்களும் மலர்ந்து காட்டுகிறார்கள்.

பழைய ஹெட்ஃபோன் வீணாகவில்லை. மாப்பிள்ளை அதில் சினிமாப் பாட்டு கேட்டுத் தலையாட்டுகிறார். அந்த வேலைக்கு அது ஜோர்.

பானு புது ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுப் பாட்டைச் சரிசெய்து, புதன்கிழமை காலை அனுப்பினாள். பத்து நாள் சத்தமே இல்லை. முந்தாநாள் நான் கே.கே. நகரில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எடுத்துக்கிட்டாங்கண்ணே! இன்னும் மூணு பாட்டு கேட்டிருக்காங்க."

கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன். கண்ணும் கலங்கியது, ஒளிப்பானேன்?

"அண்ணே, அடுத்த பொங்கலுக்கு நல்ல மைக் ஒண்ணு..." என்று இழுத்தாள். "நானே பார்த்து எடுத்துக்கிறேன். நீங்க கூட மட்டும் வாங்க."

அப்பாடா... இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தனக்கு என்ன வேண்டும் என்று என் தங்கை வாய் திறந்து கேட்டுவிட்டாள்!