ராமரின் ஐந்தாம் செமஸ்டர்

ஜீயபுரத்தில் ராமர் வீட்டுக் கூடத்துச் சுவரில் உரக்கடைக் காலண்டர் ஒன்று திருப்பி மாட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் இருந்த முருகனைச் சுவரைப் பார்க்க வைத்தது ரங்கநாயகிக்குப் பொறுக்கவில்லை. மகனோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு, சாமி படத்தைத் தனியாகக் கத்தரித்து எடுத்துக்கொண்ட பிறகுதான் விட்டாள். மிச்சமிருந்த வெள்ளைப் பக்கத்தில் ராமர் ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டிருந்தான். கட்டத்துக்கு ஒரு செமஸ்டர். பி.எஸ்சி. உயிர்வேதியியல், மூன்று வருஷம், ஆறு கட்டத்தில் அடக்கம்.

அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். எந்தப் பேப்பரை எப்போது எடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் கிடையாது. சீனியர்களிடம் கேட்டான், நோட்டீஸ் போர்டைப் படித்தான், சிலபஸ் புத்தகத்தை பஸ்ஸில் வைத்துப் புரட்டினான். முதல் வருஷத்துக் கட்டத்தில் தமிழ், ஆங்கிலம், துணைப்பாடமாக வேதியியல். இரண்டாம் வருஷத்தில் நுண்ணுயிரியல். வேறு துறையிலிருந்து ஒரு பாடம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் என்று எழுதினான். ஐந்தாம் கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் ‘கிளினிக்கல்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான்.

அவன் அப்பா மாதவன் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்த கையோடு அதை நின்று படித்தார். இதில் எந்தக் கட்டத்தில் நீ சம்பாதிக்கப் போகிறாய் என்று கேட்டார். ராமர் சிவப்பு மையைக் காட்டினான். கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி என்பது விருப்பப்பாடம். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எந்த நோய்க்கு எது ஏறும், எது இறங்கும் என்று படிப்பது. அதை எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி. அப்படிப் போன சீனியர்கள் பல பேர் டிகிரி வாங்கிய வருஷமே அந்தப் பக்கத்து லேப்களில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

இன்னொரு விருப்பப்பாடமும் இருந்தது. பிளான்ட் பயோகெமிஸ்ட்ரி. செடி எப்படி மாவு சேர்க்கிறது, காய் எப்படிப் பழமாகிறது என்பதெல்லாம் அதில் வரும். ஜீயபுரத்துப் பையன், வாழைக் கொல்லையில் வளர்ந்தவன், அதைத்தான் எடுப்பான் என்று வகுப்பில் எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அவனுக்கோ பதிமூன்று வயதிலிருந்து தார் சுமந்து தோள் காய்த்திருந்தது. வாழைக்கறை பட்ட சட்டை துவைக்கத் துவைக்கக் கறுக்குமே தவிர வெளுக்காது. காலேஜுக்கு என்று வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டையை அவன் கொல்லைப் பக்கமே கொண்டு போகமாட்டான்.

நான்காம் செமஸ்டர் முடியும் தறுவாயில், ஒரு திங்கட்கிழமை, துறை அலுவலகத்து விஜயராணி மேடம் விருப்பப்பாடத் தாளைத் தொங்கவிட்டார். இரண்டு பத்தி. சணல் கயிற்றில் கட்டிய ஒரு பென்சில். வெள்ளிக்கிழமை ஒரு மணி வரை பென்சிலால் எழுதலாம், அழிக்கலாம், மாறலாம். ஒரு மணிக்கு மேடம் அதைக் கழற்றிக்கொண்டு போய்ப் பேனாவால் எழுதிவிட்டால் தீர்ந்தது. கிளினிக்கலுக்கு முப்பது இடம்தான். அதற்கு மேல் பேர் இருந்தால் மதிப்பெண் வரிசைப்படி எடுப்பார்கள். இரண்டு பாடத்துக்கும் பொதுவாக இன்னொரு விதி உண்டு. பதினைந்து பேராவது சேராவிட்டால் அந்தப் பாடம் அந்த வருஷம் நடக்காது.

வகுப்பில் நாற்பத்து நான்கு பேர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளினிக்கல் பக்கம் நாற்பது பேர் இருந்தார்கள். பிளான்ட் பக்கம் நான்கே பேர்: ஸ்ரீரங்கத்து மைத்ரேயியும், அவள் பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்காக அவளோடு போன மூன்று பேரும்.

ராமர் மதிப்பெண் பட்டியலை வைத்து எண்ணிப் பார்த்தான். அந்த நாற்பதில் அவன் முப்பத்து மூன்றாவது. மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் நன்றாகத்தான் வாங்கியிருந்தான். முதல் செமஸ்டர்தான் காலை வாரிவிட்டது. தமிழ் மீடியத்தில் நொதி என்று படித்துவிட்டு வந்தவன், என்சைம் என்பது வேறு ஏதோ புதுப் பொருள் என்று இரண்டு வாரம் தனி நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தான். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது முதல் டெஸ்ட் முடிந்திருந்தது.

ஆக, அவனுக்கு மேலே இருப்பவர்களில் மூன்று பேர் அந்தப் பக்கம் போக வேண்டும். மூன்றே பேர். கணக்கு போட்டதும் ராமருக்குத் தைரியம் வந்துவிட்டது.

புதன்கிழமை வேலையை ஆரம்பித்தான். முஜிபுர் ரஹ்மான் வீட்டார் காந்தி மார்க்கெட்டில் பழ வியாபாரம் செய்பவர்கள். காய் ஏன் ஒரு நாளில் பழுக்கிறது, ஏன் சில தார் கல்லாகவே கிடக்கிறது என்பதெல்லாம் பிளான்ட்டில்தான் வரும் என்று அவனிடம் சொன்னான். அது உண்மைதான். ரத்தத்தைப் பார்த்தாலே வேர்த்துவிடும் பிரஹலாத்திடம், ஆஸ்பத்திரி லேபில் காலை ஏழு மணிக்கு வரிசையாக வைத்திருக்கும் ரத்தக் குழாய்களை வர்ணித்தான். அதுவும் உண்மைதான். ஹாஸ்டலில் இருக்கும் பாக்கியமேரி வாராவாரம் வையம்பட்டிக்குப் போகிறவள். பிளான்ட்காரர்களுக்குச் சனிக்கிழமை வேலை கிடையாது என்பதை அவள் காதில் போட்டான். மூன்றும் உண்மை. பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பது பிற்பாடு அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

அன்று மாலையே மூவரும் மாறினார்கள். மூவரோடு அவர்கள் பெஞ்சும் மாறியது. அந்த வகுப்பில் அது வழக்கம். பெஞ்சுக்கு நான்கு பேர். டீ குடிக்கப் போனாலும் நால்வர், வகுப்பைக் கட் அடித்தாலும் நால்வர், ரெக்கார்டு நோட்டு எழுதாமல் திட்டு வாங்கினாலும் நால்வர். ஆக மூன்று கேட்ட இடத்தில் பன்னிரண்டு. கிளினிக்கலில் இப்போது இருபத்தெட்டு. ராமருக்கு இடம் உறுதி.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் வருஷம் முழுக்க வாய் திறக்கப் பயந்த பையனிடம் இப்போது வகுப்பே வந்து வாழையைப் பற்றிக் கேட்கிறது. வியாழக்கிழமை அவன் பூவன் வாழையில் மூன்று கொண்டுவந்தான்: ஒன்று பச்சை, ஒன்று செங்காய், ஒன்று கனிந்த பழம். லேபில் மூன்றையும் நறுக்கி அயோடின் சொட்டு விட்டான். பச்சைக்காய் கருநீலமாக மாறியது. செங்காயில் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. பழத்தில் ஒன்றுமே ஆகவில்லை. மாவெல்லாம் சர்க்கரையாகிவிட்டது, நொதி செய்த வேலை, என்றான். என்சைம் என்று சொல்லவில்லை. நொதி என்றே சொன்னான். கை தட்டினார்கள். இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். மைத்ரேயி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, “இவ்வளவு ஆசையா இருக்கறவன் ஏன் அந்தப் பக்கமே நிக்கற?” என்று கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான்.

அன்று சாயங்காலம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் அந்த வீடியோவுக்குக் கீழே பாக்கியமேரி ஒரே வரி போட்டாள்: இந்தப் பக்கம் வந்தால் சனிக்கிழமை லீவு.

வெள்ளிக்கிழமை காலை ராமர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேக வேகமாக நடந்து வந்து பார்த்தபோது இன்னும் நான்கு பெஞ்சு இடம் மாறியிருந்தது. கிளினிக்கல் பக்கம் ரப்பர் தேய்த்த அழுக்குத்தான் அதிகம். எண்ணினான். மறுபடி எண்ணினான். அவனையும் சேர்த்துப் பன்னிரண்டு. பதினைந்துக்கு மூன்று குறைவு. முப்பத்து மூன்றாவது இடத்தில் கிடந்தபோதாவது பாடம் இருந்தது, இவன்தான் வெளியே நின்றான். இப்போது பாடமே இல்லை.

துறைத்தலைவர் சௌரிராஜன் சார் கூப்பிடுகிறார் என்று விஜயராணி மேடம் சொன்னார். உள்ளே போனால் சார் எழுந்து நின்று வரவேற்றார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண் துலங்க, எதற்கும் அதிகம் சிரிக்காத மனிதர். அன்று முகமெல்லாம் மலர்ச்சி. பிளான்ட் அவர் பாடம். ஏழு வருஷமாகச் சிலபஸில் அச்சாகிறது, ஒரு வருஷமும் பதினைந்து பேர் சேர்ந்ததில்லை. இந்த வருஷம் முப்பத்திரண்டு. எல்லாம் பெருமாள் கிருபை, அதற்கு ஒரு ஜீயபுரத்துப் பிள்ளை கருவி என்றார். பழைய நோட்ஸையெல்லாம் காலையிலேயே தூசி தட்டி மேஜைமேல் அடுக்கியிருந்தார்.

“உன் பேர் மட்டும் இன்னும் அங்கயே இருக்குடாப்பா. போய் மாத்தி எழுதிடு” என்றார்.

ராமர் அந்த நோட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். சார் கையெழுத்தில்தான் இன்டர்னல் மார்க் இருக்கிறது.

“சார், எனக்கு கிளினிக்கல்தான் வேணும் சார்.”

“ஏன்?”

“வாழையைச் சின்ன வயசுலேர்ந்து தூக்கறேன் சார். போதும்னுதான் காலேஜுக்கு வந்தேன். டிகிரி முடிச்ச கையோட லேப்ல வேலைக்குப் போகணும். வீட்ல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

“அப்போ இத்தனை பேர்கிட்ட பிரசங்கம் பண்ணது?”

“அங்க எடம் காலியாகட்டும்னு சார்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“நன்னாவே காலி பண்ணியிருக்கே” என்றார் கடைசியில். குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. பன்னிரண்டு பேருக்காக விதியை மாற்ற முடியாது என்றார். தன் பக்கம் பதினைந்து மிஞ்சினால் அவருக்குப் போதும். அதற்கு மேல் இருப்பவர்களை ராமர் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் குறுக்கே வரமாட்டார். “மணி பதினொண்ணே கால். ஒரு மணிக்கு மேல என்கிட்ட வராதே.”

ராமர் வகுப்புக்குப் போனான். கணக்கு இப்போதும் மூன்று பேர்தான். ஆனால் மூன்று பேர் என்றால் என்ன என்று இந்த முறை தெரிந்திருந்தது. ஒரு பெஞ்சு.

பீரியட் மாறுகிற இடைவெளியில் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். மதிப்பெண் பட்டியலை எண்ணியது, முப்பத்து மூன்று, மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தது, எதையும் விடவில்லை. பிறகு பின் பெஞ்சிலிருந்து முஜிபுர் ஆரம்பித்தான்.

“அடப்பாவி, எங்க வாப்பாகிட்ட போய் மண்டியையே மாத்தப்போறேன்னு சொல்லிட்டு வந்தேன்டா.”

“போய் மாத்து. அது நெஜம்தான்” என்றான் ராமர்.

வகுப்பு சிரித்தது. ஆனால் யாரும் எழவில்லை. சனிக்கிழமை லீவு கைக்கு வந்த பிறகு திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும். பிரஹலாத் ரத்தம் என்ற சொல் வந்ததுமே தலையைக் குனிந்துகொண்டான். மைத்ரேயி எழுந்து, தான் முதலிலிருந்தே பிளான்ட், தன்னைக் கேட்க வேண்டாம் என்றாள். நான்கு பேரோடு நடக்காமல் போகவிருந்த அவள் பாடம் இவன் செய்த திருட்டுத்தனத்தால் நடக்கப்போகிறது. அதற்கு நன்றி, ஆனால் ஆள் தர முடியாது. சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பாக்கியமேரி அவன் பக்கம் திரும்பினாள். வகுப்பில் இரண்டாம் மதிப்பெண் அவளுக்கு.

“ராமர், இங்க பாரு. வாழையைக் கீழ வெச்சுட்டுப் பேசு. எது எடுத்தா நல்லது?”

“சனிக்கிழமை போயிடும். காலையில ஏழு மணிக்கு நிக்கணும். மொத மாசம் டியூப் கழுவற வேலைதான் இருக்கும்னு சீனியர் சொன்னாங்க. வேலை கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா கிடைச்சவங்க எல்லாம் அதுலேர்ந்து போனவங்கதான். மேல படிக்க வசதி இருக்கறவங்க எதை எடுத்தாலும் ஒண்ணுதான். எனக்கு வசதி இல்ல.”

பாக்கியமேரி தன் பெஞ்சைப் பார்த்தாள். நால்வரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தி முறைத்தாள். இன்னொருத்தி விரல் விட்டு வாரங்களை எண்ணினாள். வையம்பட்டி பஸ் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேலும் ஓடும் என்று யாரோ சொன்னது ராமர் காதில் விழுந்தது.

“பன்னெண்டு வாரம்தானே” என்றாள் பாக்கியமேரி எழுந்துகொண்டே. “எனக்கும் வசதி இல்லதான். அதைச் சொல்ல வெக்கப்பட்டுட்டு லீவைப் பாத்துட்டேன்.” பிறகு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “வாழை இல்லாம இவன் பேசின மொத பேச்சு இது. அதுக்காகவாவது போவோம் வாங்கடி” என்றாள்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான்கு பெயர்கள் இடம் மாறின. பென்சில் முனை மழுங்கிப்போயிருந்தது. கடைசிப் பெயரை அழுத்தி எழுத வேண்டியிருந்தது. விஜயராணி மேடம் தாளைக் கழற்றி, அழித்த கோடுகளையெல்லாம் பார்த்து அலுத்துக்கொண்டு, புதுத் தாளில் பேனாவால் எழுதினார். பிளான்ட் இருபத்தெட்டு. கிளினிக்கல் பதினாறு. முப்பது இடத்துக்குப் பதினாறே பேர் என்பதால் மதிப்பெண் பட்டியலை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை.

மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாவுக்குப் போன் போட்டான். கிளினிக்கல் கிடைத்துவிட்டது என்றான். எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை. மாதவனுக்குச் சந்தோஷம், ரங்கநாயகியிடம் அங்கிருந்தே கத்திச் சொன்னார். ரத்தம் எடுக்கிற வேலையா என்று அவள் கேட்பது கேட்டது. எடுப்பதில்லை, எடுத்ததைப் பார்த்துச் சொல்வது என்று ராமர் விளக்கினான். அப்படியானால் முதலில் அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்துச் சொல், பயந்துகொண்டு போகவே மாட்டேன் என்கிறார், என்றாள். மாதவன் பேச்சை மாற்றினார்.

“சனிக்கிழமை பூரா இனிமே ஆஸ்பத்திரியா?”

“ஆமாம்பா. பன்னெண்டு வாரம்.”

“சரி போயிட்டு வா. ஞாயித்துக்கிழமை வந்துருவல்ல? கீழக் கொல்லையில ரஸ்தாளி வெட்டு இருக்கு. ஆள் கெடைக்கல.”

“வரேன்பா” என்றான் ராமர்.