படத்தில் நின்றவள்

‘ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்து பேசுறவன்…’ என்று தொடங்கி என் பெரியப்பா ஏதோ சொல்வார்; மிச்சம் நினைவில்லை. லண்டனில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு இலங்கைக்கு, பதுளைக்குத் திரும்பிய எனக்கு, நாற்பத்தேழு வயதில் அந்த நடு நாற்காலியே பிழைப்பானது. இரண்டு மொழி தெரிந்த பாவத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் இழுத்துப் போகப்பட்டவர்களுக்கு என் பாடு புரியும். வெளிநாட்டுக்குத் தத்துப் போன குழந்தைகள் சிலர் வளர்ந்து, பெற்றவளைத் தேடி வரத் தொடங்கிய எண்பதுகள் அவை.

மூக்கு

ஸ்வீடனிலிருந்து வந்த அன்னாவுக்கு இருபது வயது. கைக்குழந்தையாகப் போனவள், தமிழில் ஒரு சொல் தெரியாது. கொடுத்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்ணின் படம் ஒன்று வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவள் கையைத் தேய்த்துப் பார்ப்பார்களாம், கறுப்பு போகிறதா என்று. பதினாறு வயதில் மாத்திரைகளை விழுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் படம் தலையணைக்கடியில் இருந்ததாம். பெரகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஆங்கிலத்தில் சொன்னாள்:

“இந்த மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இத்தனை நாள் இருந்தேன்.”

பெயர்

காகிதத்தில் தாய் பெயர் ராமாயி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் படத்தைக் காட்டியதும் அங்கிருந்தவர்கள் கூட்டி வந்த அம்மாவைப் பேச்சி என்றார்கள். பதிவில் ஒன்று, வாயில் ஒன்று என்று தோட்டத்தில் இரண்டு பெயர் இருப்பது சகஜம், நான் கேட்கவில்லை. அன்னா அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பேச்சியம்மா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி சொன்னாள்:

“அப்புடியே ஒன்னய உரிச்சு வச்சிருக்கு, பேச்சிக்கா.”

பெரட்டு

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பேச்சியம்மா என்னைப் பீலிக்கரைக்குக் கூப்பிட்டாள். ராமாயி வேறொருத்தி, அப்போது அடுத்த வீட்டில் இருந்தவள் என்றாள். புருஷன் இல்லை. பிள்ளை பெற்ற காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அன்றைக்குத்தான் பிள்ளையைத் தத்துக் கேட்டுக் கார் வந்தது. விடியாத இருட்டில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, வராதவளுக்காக மற்றவள் குரல் கொடுப்பது அவர்கள் வழக்கம். அதே மாதிரி பேச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராமாயி பேரில் போய் நின்றாள், கைநாட்டு வைத்தாள், படமும் எடுத்தார்கள்.

ராமாயி பிழைத்துக்கொண்டாள். எழுந்ததும் பிள்ளையைக் கேட்டாள். அப்புறம் பேச்சியோடு பேசவே இல்லை. சில வருஷத்தில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனாள். கூடலூர்ப் பக்கம் என்று கேள்வி, இருக்கிறாளோ இல்லையோ.

அன்னா படத்தோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பேச்சியம்மா குரலைத் தாழ்த்தினாள்:

“அது மொகத்தப் பாருங்கய்யா. நானே ஆத்தாவா இருந்துட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம்.”

என்ன சொல்கிறாள் என்று அன்னா கேட்டாள். ராமாயியின் காய்ச்சலில் தொடங்கி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.